‘நீங்க வைத்தியத்தை மட்டும் பாருங்க’

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்து நடப்பவை ஊருக்கே மனப்பாடம். தீயணைப்பு வண்டியும் 108ம் வரும். கலெக்டரும் எஸ்.பி.யும் வருவார்கள். மாலைக்குள் அமைச்சர் வருவார், இரவுக்குள் நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். மறுநாள் நாளிதழ்கள் உரிமத்தைப் பற்றியும் உள்குத்தகையைப் பற்றியும் மருந்துக் கலவையைப் பற்றியும் எழுதும். மருத்துவமனைக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: காயமடைந்தவர்கள் மேல்சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த வரிக்குள் எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றை எடுத்தவர் யார், எடுக்க வேண்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் போவதற்குக் காரணம், நம்மிடையே கேள்வியே இல்லாமல் நிலைத்துவிட்ட ஒரு கருத்து. டாக்டர் வைத்தியம் பார்க்கட்டும், நிர்வாகத்தை நிர்வாகம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அது. கோட்டையில் இருக்கும் அதிகாரி இதைச் சொல்கிறார். தனியார் மருத்துவமனை நடத்தும் முதலாளி சொல்கிறார். டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் சொல்கிறார். இதையெல்லாம்விட வருத்தம் தருவது, மருத்துவர்களே பெருமையோடு இதைச் சொல்வதுதான். “எனக்கு இந்த ஃபைல் வேலையெல்லாம் வேண்டாம், ஓ.பி.யைப் பார்த்துட்டுப் போயிடறேன்” என்பது நல்ல மருத்துவரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இந்தக் கருத்து தவறானது. எங்கும் தவறானதுதான், பட்டாசு ஆலைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் அது உயிரை எடுக்கும் தவறு.

எதிர்த்தரப்பிடம் வலுவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டின் மருத்துவத் துறை இந்தியாவுக்கே காட்டிய பெரிய சாதனைகளில் ஒன்று 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாத்திரை, ஊசி, டிரிப்ஸ் பாட்டில் அனைத்தையும் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து பாஸ்புக் கணக்கில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை உருவாக்கியதில் முதன்மையானவர் பூர்ணலிங்கம். அவர் மருத்துவரல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. மருந்து வாங்குவது, கட்டடம் கட்டுவது, சம்பளப் பட்டியல் போடுவது, ஆம்புலன்ஸ் ஓட்டுவது ஆகியவற்றுக்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது. அந்த வாதத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் மருத்துவமனை என்பது கிடங்கும் கட்டடமும் சம்பளப் பட்டியலும் சேர்ந்த தொகுப்பாக முடிந்துவிடுவதில்லை. அதன் நடுவில் வேறொரு வேலை இருக்கிறது: மற்ற மருத்துவர்களின் தீர்மானங்களை ஒழுங்குபடுத்துவது. யாரை முதலில் பார்ப்பது, யாரை அனுப்புவது, யாரை அனுப்பக்கூடாது, நேற்று செய்ததில் எது பிழை, அந்தப் பிழை நாளை நடக்காதிருக்க இன்றே மாற்றவேண்டியது எது என்று சக மருத்துவர்களையும் செவிலியர்களையும் நுட்புனர்களையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவருவது. இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்ததால்தான் அது வைத்தியத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. அது வைத்தியத்தின் உள்ளேயே நடக்கிறது, நோயாளியின் உடலின்மீதே நடக்கிறது.

ஒரு வெடிவிபத்தின் முதல் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். பகல் ஒரு மணிக்கு அறை வெடிக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் தொழிலாளிக்கு உடலில் நாற்பது சதவீதம் தீப்புண். தீக்காய சிகிச்சையில் உலகம் முழுக்கப் பயன்படும் பார்க்லேண்ட் கணக்குப்படி, உடல் எடையை தீப்புண் சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 24 மணி நேரத்தில் 8,000 மில்லி லிட்டர் ரிங்கர் லாக்டேட் ஏற வேண்டும். அதில் பாதி, அதாவது நான்கு லிட்டர், முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தொடங்குவது தீப்பட்ட நிமிடத்திலிருந்து. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்தோ மதுரையில் சீட்டுப் போட்ட நேரத்திலிருந்தோ கணக்கிடக்கூடாது. சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். ஒரு டிரிப்ஸ் ஊசிகூடக் குத்தாமல் “மதுரைக்குக் கொண்டு போங்க” என்று ஏற்றிவிட்டால், நான்கு மணிக்கு அங்கே சேரும்போது நான்கு லிட்டரையும் ஐந்து மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயம் வருகிறது. அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்திருக்கும், சிறுநீரகம் அடிபட்டிருக்கும்.

மூச்சுக்குழாயின் கதை இன்னும் கொடியது. மூடிய அறைக்குள் வெடிமருந்துப் புகையை உள்ளிழுத்தவர் முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். தண்ணீர் கேட்பார், பிள்ளையின் பெயரைச் சொல்வார். பார்ப்பவர்கள் “இவருக்கு ஒண்ணுமில்லை” என்று நினைத்து, கதறுகிறவரை முதலில் ஏற்றுவார்கள். பேசிக்கொண்டிருப்பவரின் தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டே இருக்கும். வழியில் விருதுநகரைத் தாண்டும்போது மூச்சு நின்றால் ஓடும் வண்டியில் அந்த வீங்கிய தொண்டைக்குள் குழாய் போடுவது தேர்ந்த மயக்க மருந்து நிபுணருக்கே கடினம். குழாயைச் சிவகாசியிலேயே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். 2016 அக்டோபரில் சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீ, பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகையை நிரப்பியது. சோதனைக்காக வந்து காத்திருந்தவர்கள் உடலில் தீப்படாமலே மூச்சுத் திணறி மாண்டார்கள். புகை கொல்லும் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தியல்ல.

இப்போது சொல்லுங்கள். கதறாதவருக்கு முதலில் குழாய் போடு என்று ஆணையிடப்போவது யார்? வாசலில் எம்.எல்.ஏ. நிற்கிறார், உறவினர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள், “ஏன் இன்னும் மதுரைக்கு அனுப்பல?” என்று கூட்டம் கத்துகிறது. அந்த நேரத்தில் “இவரை இப்போது அனுப்பமாட்டேன், இருபது நிமிடம் ஆகும்” என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்க வேண்டும்? கலெக்டருக்கு அந்த அறிவு இல்லை, அது அவரிடம் எதிர்பார்க்க வேண்டியதுமல்ல. அன்றைக்கு டூட்டியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அறிவு இருக்கிறது, அதிகாரம் இல்லை. அவருக்கு மேலே இருப்பவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அவர் அந்த நேரத்தில் கலெக்டருக்குப் பக்கத்தில் நின்று எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருப்பார். காரணம், அவருடைய வேலை நிர்வாகம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஓம் சக்தி பட்டாசு ஆலையில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே அல்ல. முதல் வெடிப்பைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுப்புற மக்கள். அதன் பிறகு எழுந்த ஒரே மருத்துவக் கோரிக்கை, சிவகாசியில் தீக்காயப் பிரிவு வேண்டும் என்பது. நியாயமான கோரிக்கைதான், அது இல்லாமல் எதுவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகும் 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம், 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையம், 2024 மே 9இல் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் வார்டு, படுக்கை, கருவி என்றுதான் கேட்டோம். அந்த வார்டை நடத்தப்போகும் மருத்துவர் யார், அவருக்கு அந்த நாளில் என்ன அதிகாரம், அதற்கு முந்தைய முன்னூறு நாட்களில் அவர் எதைப் பழக்கியிருக்க வேண்டும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. படுக்கை விரித்து வைக்கப்பட்ட அறை தானாக யாரையும் காப்பாற்றாது.

இங்கே எதிர்த்தரப்பு தன் ஆகச் சிறந்த வாதத்தை வைக்கும். சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின்கீழ் இருக்கின்றன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின்கீழ் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின்கீழ். சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையோ தொழிலாளர் துறையோடு போகிறது. இந்த நான்குக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஆணையிடக்கூடிய ஒரே ஆள் மாவட்டத்தில் கலெக்டர்தானே? ஆமாம், அவர்தான். அது அவருடைய ஆளுமைக்குச் சான்றாகாது, நம் மருத்துவ அமைப்பின் வெற்றிடத்துக்குத்தான் சான்று. கலெக்டர் சாலையைக் காலி செய்யலாம், போலீஸைக் குவிக்கலாம், தனியார் மருத்துவமனைக் கதவைத் திறக்க வைக்கலாம். அதெல்லாம் தேவை. அந்தக் கதவுக்குள் எந்த நோயாளி போக வேண்டும் என்பதை அவர் யாரிடம் கேட்பார்? மாவட்டம் முழுவதற்கும் வெடிவிபத்து நாளில் மருத்துவ முடிவுகளின் பொறுப்பாளர் இவர் என்று முன்கூட்டியே பெயர் சொல்லி நியமிக்கப்பட்ட ஒரு மருத்துவர், எந்த இயக்குநரகமானாலும் அன்று அவர் சொல்வதே முடிவு என்று எழுதிவைத்த ஓர் ஆணை, இவை இரண்டும் இருந்தால் கலெக்டருடைய அதிகாரமும் அர்த்தமுள்ளதாகும்.

தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபின் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பிரித்திருக்கிறார்கள். தீக்காயமும் அத்திட்டத்தின் அங்கங்களில் ஒன்று. நல்ல திட்டம். ஆனால் தரையில் பூசிய சிவப்பு வண்ணம், யாரை அங்கே கிடத்துவது என்று தானே முடிவு செய்யாது. முடிவெடுப்பவருக்கு மதிப்பில்லாத இடத்தில், கூட்டத்தின் சத்தம்தான் வண்ணத்தைத் தீர்மானிக்கும்.

வெடிவிபத்து அபூர்வமான நாள், அதை வைத்து அன்றாட மருத்துவமனையை அளக்கலாமா என்று கேட்கலாம். இந்த மாவட்டத்தில் அது அபூர்வமானதல்ல என்பதை விட்டுவிடுவோம். அன்றாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2018 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. தானம் செய்த இளைஞர் 2016லேயே ஒருமுறை ரத்தம் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது. அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இரண்டாவது முறை கொடுத்தபோது சோதனையும் பிடிக்கவில்லை, பழைய பதிவேடும் பிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தன் நிலையை அறிந்து, அவரே பதறி ரத்த வங்கிக்குச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த இளைஞர் நஞ்சருந்தி அந்த மாத இறுதியிலேயே இறந்துபோனார். குழந்தை அடுத்த மாதம் மதுரையில் பிறந்தது. அதற்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது ஒன்றே இந்தக் கதையில் ஆறுதல். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது.

அந்த நாட்களில் முதலில் நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் ஆய்வக நுட்புனர்கள். அலட்சியம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதப்பட்டது. சோதனையில் தவறியவர் தண்டனை பெறட்டும். என் கேள்வி அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியது. 2016இல் ஒரு பை ரத்தத்தில் தொற்று தெரிந்தது. பையை எறிந்துவிட்டார்கள். கொடுத்தவருக்குச் சொல்லியாகிவிட்டதா, ஆலோசகர் அவரைப் பார்த்தாரா, அவர் பெயர் இனி ரத்தம் எடுக்கக்கூடாதவர்கள் பட்டியலில் ஏறியதா, அடுத்த முகாமில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கப்போவது யார் என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேட்பது ஒருவருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும். அது கலெக்டர் அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்வியாக இருக்கமுடியாது. நுட்புனர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியாகவும் விடமுடியாது. ரத்தத்தின் அறிவியலும் தெரிந்து, அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் மேல் நின்று அதைக் கேட்க உரிமையும் உள்ள ஒரு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். மேடை, மாலை, மைக் எதுவும் இதில் இல்லை. ஒரு பதிவேடு, நான்கு பேர், அரை மணி நேரம், ஒவ்வொரு வாரமும்.

நிர்வாகம் வேறு வைத்தியம் வேறு என்ற கருத்துக்கு ஒரு தம்பிக் கருத்து உண்டு. சரி, மருத்துவரே தலைமை ஏற்கட்டும், மூத்தவர் ஏற்றுக்கொள்வார், அனுபவம் தானாகக் கற்றுக்கொடுக்கும் என்பது அது. இதை நம்பித்தான் நம் அமைப்பு நடக்கிறது. முப்பது ஆண்டு கண்புரை எடுத்தவரோ எலும்பு சேர்த்தவரோ, பணிமூப்புப் பேனலில் பெயர் வந்ததும் ஒரு திங்கட்கிழமை காலை தலைமை மருத்துவ அலுவலராகவோ இணை இயக்குநராகவோ உட்காருகிறார். சனிக்கிழமை வரை அவருக்கு யாரும் ஒரு ஆய்வுக்கூட்டத்தை நடத்துவது எப்படி, இரண்டு துறைத் தலைவர்களின் சண்டையைத் தீர்ப்பது எப்படி, தவறு செய்த சக மருத்துவரிடம் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்ததில்லை. ஓய்வுக்கு இரண்டோ மூன்றோ ஆண்டு இருக்கும். அவர் கற்றுக்கொள்வதற்குள் வழியனுப்பு விழா வந்துவிடும். இதற்கிடையில் கூடுதல் பொறுப்பு என்ற இன்னொரு நோய். 2024இல் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் நாற்காலி மாதக்கணக்கில் காலியாக இருந்து பொறுப்பு அலுவலர்களால் ஓடியது. மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் ஒரு வாரம் அறுவை அரங்கு நடக்காது என்பதை ஏற்கும் நாம், தலைவர் இல்லாமல் மருத்துவமனை மாதக்கணக்கில் நடக்கும் என்று நம்புகிறோம்.

இந்தப் பணிமூப்புப் பழக்கத்தை எதிர்த்து நூறாண்டுக்கு முன்பே ஒரு மருத்துவர் தன் வேலையை உதறினார். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லையென்றால் யார் தவறு என்று எழுதிவைக்க வேண்டுமென்றார். பதவி உயர்வும் அந்தக் கணக்கின்படிதான் இருக்க வேண்டும், வயதின்படி அல்ல என்றார். கேட்பாரில்லை. 1914இல் ராஜினாமா செய்தார். தான் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளையும், அவர்களின் சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளையும் அவரே அச்சில் வெளியிட்டார். 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரமே சிதைந்தபோது உதவிக்குப் போன மருத்துவர்களில் அவரும் ஒருவர். வாழ்நாளில் அவரை ஊர் ஒதுக்கியது. அவர் கேட்ட தணிக்கைதான் இன்று உலக மருத்துவமனைகளின் தர அளவுகோலுக்கெல்லாம் அடிப்படை.

“ஏன் பாஸ்டன்? நம்ம டாக்டர் வெங்கடசாமி இல்லையா? அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அதெல்லாம் பிறவியிலேயே வரணும்” என்பார்கள். எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். நம் மண்ணுக்கு அடுத்த மண். மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகும் கண் அறுவை செய்யக் கற்று, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து, 1976இல் 58 வயதில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அவரைப் பிறவித் தலைவர் என்று சொல்வது அவரைப் புகழ்வதுபோலத் தோன்றும். உண்மையில் அவர் செய்ததை மறைக்கிறது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, மருத்துவர் செய்யவேண்டியதில்லாத வேலைகளையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார். அறுவை மருத்துவரின் ஒவ்வொரு நிமிடமும் அறுவைக்கே போகும்படி அரங்கை அமைத்தார். 1992இல் அந்த நிறுவனம் லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தையே தொடங்கி, மற்ற கண் மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் மருத்துவமனை நடத்துவதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறது. பிறவிக்குணம் என்று அவர்கள் நம்பியிருந்தால் வகுப்பறை கட்டியிருக்கமாட்டார்கள்.

அரசுக்கும் இது தெரியாததல்ல என்பதுதான் என் கோபத்தின் முக்கியக் காரணம். 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பொது சுகாதாரத் துறைக்கென்று தனிப் பணித்தொகுதியை வைத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பொது சுகாதாரப் பட்டயப் படிப்புக்கு அனுப்பி, களத்தில் பழக்கி, பிறகு ஒரு சுகாதார மாவட்டத்தையே அவர் கையில் கொடுக்கிறது. சிவகாசியே ஒரு தனிச் சுகாதார மாவட்டம். டெங்குவைத் தடுக்க ஒரு மாவட்டத்தை வழிநடத்துவதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட அரசு, அதே ஊரில் முப்பது தீக்காய நோயாளிகள் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் மருத்துவமனையை வழிநடத்த எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்று எந்தத் தர்க்கத்தில் முடிவு செய்தது?

மருத்துவர் தலைமை தாங்கினால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவமனைகளை ஆராய்ந்த அமண்டா கூடால், மருத்துவர்கள் தலைமை வகிக்கும் மருத்துவமனைகளின் தர மதிப்பெண் ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக இருப்பதை 2011இல் காட்டினார். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதை மட்டுமே அந்த ஆய்வு சொல்கிறது. எது எதற்குக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மறுபக்கம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளின் இதய அறுவையில் சாவு கூடுதலாக இருப்பதை ஒரு மயக்க மருந்து நிபுணர் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டேயிருந்தார். கேட்க மறுத்த தலைமை நிர்வாகியும் ஒரு மருத்துவரே. 1998இல் அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. குரல் கொடுத்த மயக்க மருந்து நிபுணரோ நாட்டை விட்டே ஆஸ்திரேலியாவுக்குப் போக நேர்ந்தது. ஆகவே மருத்துவப் பட்டம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. பட்டம் பெற்றவர் கேட்கக் கற்றிருக்க வேண்டும். சிவகாசி காஷுவாலிட்டியில் இரவு இரண்டு மணிக்கு எந்த மருந்து தீர்ந்துபோயிருக்கிறது, எந்த வென்டிலேட்டர் ஓடவில்லை என்பது ஸ்டாஃப் நர்ஸுக்குத் தெரியும். “சிஸ்டர், நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்காத மருத்துவர் எத்தனை பட்டம் வாங்கினாலும் தலைவர் ஆகமாட்டார்.

கேட்பதைக் கொல்வது மெமோ. நம் மருத்துவமனைகளில் ஒரு தவறு நடந்தால் முதலில் வருவது 17பி குற்றக் குறிப்பாணை. அதற்குப் பயந்து எல்லோரும் கேஸ் ஷீட்டைத் திருத்துவதிலும் நேரத்தை மாற்றி எழுதுவதிலும் கவனம் செலுத்துகிறார்கள். தவறு மறைந்துபோகிறது, அதன் காரணமும் கூடவே மறைந்துபோகிறது. 1990களிலிருந்து தமிழ்நாடு நடத்திவரும் பேறுகால மரணத் தணிக்கை இதற்கு மாற்றாகப் பிறந்தது. ஒவ்வொரு தாயின் சாவும் பேசப்பட வேண்டும், எந்த இடத்தில் தாமதமானது என்று பார்க்கவேண்டும் என்பது அதன் நோக்கம். 2018-20 கணக்கில் இந்தியாவில் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்ததில் அந்தத் தணிக்கைக்கும் பங்குண்டு. ஆனால் அதே கூட்டங்கள் பல இடங்களில் விசாரணைக் கூண்டாக மாறியதை அரசு மருத்துவர் சங்கங்கள் பலமுறை எதிர்த்திருக்கின்றன. இரண்டுக்கும் வேறுபாடு அந்த அறையில் யார் தலைமை வகிக்கிறார் என்பதில் இருக்கிறது. மேலதிகாரியின் முன் சக மருத்துவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், அதே சமயம் அவரைக் காப்பாற்றுவதற்காக உண்மையை விழுங்காமலும் ஒரு கூட்டத்தை நடத்துவது மிகக் கடினமான மருத்துவத் திறமை. குடல்வால் அறுவையைக் கற்பதுபோலவே இதையும் கைபிடித்துக் கற்க வேண்டும். பார்த்து, உடனிருந்து, ஒருவர் மேற்பார்வையில் செய்து பழக வேண்டும்.

வெடிவிபத்துக்குப் பிறகான தணிக்கை இந்த மாவட்டத்தில் அப்படி நடக்க வேண்டும். நிவாரணக் காசோலை கொடுத்து முடிந்த அடுத்த வாரம், ஆலையிலிருந்து மதுரை வரை ஒவ்வொரு நோயாளியின் நேரத்தையும் மேசைமேல் வைக்க வேண்டும்: டிரிப்ஸ் ஏறிய நேரம், குழாய் போட்ட நேரம், வண்டி கிளம்பிய நேரம், மதுரை சேர்ந்த நேரம், இறந்தவர் எதனால் எப்போது இறந்தார். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், இ.எஸ்.ஐ., மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆகிய எல்லா இடத்து மருத்துவரும் செவிலியரும் 108 நுட்புனரும் உட்கார வேண்டும். அதை நடத்துபவர் மருத்துவராக இருக்க வேண்டும். மெமோ அந்த அறைக்குள் வரக்கூடாது. தண்டனைக்குரியதைத் துறை தனியே பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த மருத்துவரை எங்கே தேடுவது? மூப்பின் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். முப்பத்தைந்து வயதில், இன்னும் கையில் அறுவைக்கத்தியோ ஸ்டெதஸ்கோப்போ இருக்கும்போதே அடையாளம் காண வேண்டும். சிறிய பொறுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும்: ரத்த வங்கித் தணிக்கை, அறுவை அரங்கின் தொற்றுக் கணக்கு, காஷுவாலிட்டி ஒத்திகை. வாரத்தில் அரை நாள் ஓ.பி.யிலிருந்து விடுவிக்க வேண்டும். அந்த அரை நாளை வேலைத்திருட்டு என்று சொல்லும் வாய்களை அடைக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் அவருக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டும். பத்தாண்டு இப்படி வளர்ந்தவர் தலைமை மருத்துவ அலுவலரானால் அவருக்கு அந்த நாற்காலி அந்நியமாக இருக்காது. குறைந்தது ஐந்தாண்டாவது அவரை அங்கே இருக்கவிட வேண்டும். நோயாளி பார்ப்பதையும் அவர் விட்டுவிடக்கூடாது. வார்டுக்குள் கால்வைக்காத மருத்துவத் தலைவர், ஃபைல் பார்க்கும் இன்னோர் அதிகாரியாக ஆகிவிடுவார்; அப்புறம் ஐ.ஏ.எஸ். அதிகாரியே மேல்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. அங்கே படிப்பவர்களுக்கு 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம். அந்தப் பாடத்திட்டம் இந்திய மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பாத்திரங்களை வகுத்திருக்கிறது. முதலாவது சிகிச்சையாளர், இரண்டாவது, குழுவின் தலைவரும் அங்கத்தினரும். ஆக, மருத்துவர் வைத்தியம் மட்டும் பார்க்கட்டும் என்ற கருத்து பாடப்புத்தகத்திலேயே தோற்றுவிட்டது. தேர்வுத்தாளுக்கு வெளியே அது இன்னும் ஆள்கிறது. முதல் அணி மாணவர்கள் ஹவுஸ் சர்ஜன்களாகி ஊரகப் பணிக்கும் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகும் காலம் வந்துவிட்டது. அவர்களில் ஓர் அணியைச் சிவகாசி காஷுவாலிட்டியில் வைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை, ஆடிப்பெருக்குக்கு முன்பும் தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கும்போதும், முப்பது பொய் நோயாளிகளோடு ஒத்திகை நடத்தலாம். வாசலில் நின்று யார் சிவப்பு, யார் மஞ்சள் என்று சொல்லும் வேலையை அவர்களிடமே கொடுத்து, பிறகு உட்காரவைத்து அவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ அமைச்சரவை முடிவோ தேவையில்லை. டீனும் இணை இயக்குநரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் போதும்.